பூஞ்சை இழையின் நுனிக்குச் சரக்கு சுமப்பது யார்?

கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பூஞ்சை இழை நுனியில் மட்டும்தான் வளரும் என்று பாடத்தில் இருக்கிறது சார். மோட்டார் புரதங்கள் அதற்கு உதவுகின்றன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எப்படி உதவுகின்றன? இன்னொரு சந்தேகம். கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து சில அழுகலுக்குக் கேட்கிறது. ஆனி, ஆடி மழையில் காயும் சரமும் அழுகுகிறதே, அதற்கு மட்டும் கேட்பதே இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, தம்பி. நீங்கள் கேட்டவை இரண்டல்ல, ஒரே கேள்விதான். ஆனால் மருந்துக்கு வருவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் எனக்கும் அந்த ஒரு வரிதான் தெரியும். அதையேதான் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான், பூஞ்சையின் வளர்ச்சி முழுவதும் அந்த வரிக்குள் இருப்பது புரிந்தது.

செடியின் வேரும் நுனியில்தான் வளர்கிறது. ஆனால் அங்கே செல்கள் பிரிந்து பிரிந்து வளர்ச்சி நடக்கிறது. பூஞ்சை இழை அப்படி இல்லை. அது ஒரு நீளக் குழாய். அதன் சுவர் கைட்டின், குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிய சுவர். கடைசிச் சில மைக்ரோமீட்டரில் மட்டும் அந்தச் சுவர் இளசாக இருக்கிறது. கொஞ்சம் பின்னால் வந்தாலே இறுகிவிடும். ஆகவே குழாய் நீளுவதென்றால் நுனியில் புதுச் சுவர் இடைவிடாமல் கட்டப்பட வேண்டும். கட்டுவதற்கான பொருளோ நுனியில் தயாராவதில்லை. வெகு தூரம் பின்னால், குழாயின் உட்பகுதியில் தயாராகிறது.

நல்ல மாணவர்களும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. மோட்டார் புரதங்கள், அதாவது செல்லுக்குள் பாதை பிடித்து நகர்ந்து சரக்கு சுமக்கும் புரதங்கள், நுனியை முன்னால் தள்ளுகின்றன என்று எழுதிவிடுவார்கள். தள்ளுவது மோட்டார் இல்லை, உள்ளே இருக்கும் நீரழுத்தம். நியூரோஸ்போரா கிராசா என்ற பூஞ்சையின் இழைக்குள் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நான்கைந்து மடங்கு இருக்கும். ஜீப் டயருக்குள் அடைக்கும் காற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவு அழுத்தம் இளம் சுவரின் மேல் எந்நேரமும் சாய்ந்து நிற்கிறது. புதுச் சுவர்ப்பொருள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் நுனி நீளும். வரத்து நின்றால் இளம் சுவர் இறுகி வளர்ச்சி நின்றுவிடும். கண்ட இடத்தில் இறங்கினால் நுனி வீங்கிப்போகும். வளர்ச்சிக்கு விசை கொடுப்பது அழுத்தம். அந்த வளர்ச்சிக்கு உருவமும் திசையும் வேகமும் கொடுப்பது சரக்குப் போக்குவரத்து. மோட்டார் புரதங்களின் வேலை இந்த இரண்டாவதில்தான்.

சரக்கு எவ்வளவு என்று பாருங்கள். சுவர் கட்டும் நொதிகளும் சவ்வுப் பொருளும் சின்னச் சின்ன நுண்பைகளில் ஏறி வருகின்றன. நியூரோஸ்போராவின் ஒரே ஒரு இழை நுனி வளர, நிமிடத்துக்குச் சுமார் 38,000 நுண்பைகள் வந்து நுனிச் சவ்வோடு கலக்க வேண்டும் என்று 1974-இல் காலிஞ்சும் டிரின்சியும் கணக்கிட்டார்கள். நொடிக்கு அறுநூற்றுக்கும் மேலே. நுனியில் இந்த நுண்பைகள் குவிந்து நிற்கும் கூட்டத்துக்கு ஸ்பிட்சன்கோர்ப்பர் என்று ஜெர்மன் மொழியில் பெயர். 'நுனி உடல்' என்று சொல்லலாம். 1924-இல் புருன்ஸ்விக் சாயமேற்றிய இழைகளில் பார்த்துப் பெயர் வைத்தார். 1957-இல் கிர்பார்ட் உயிருள்ள இழையிலேயே அதைப் பார்த்தார். அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் இழை திரும்புகிறது என்று கவனித்தவர் அவர்தான். 1989-இல் பார்ட்னிக்கி-கார்சியா குழுவினர் இதையே கணினியில் போட்டுப் பார்த்தார்கள். நுண்பைகளை எல்லாத் திசையிலும் சிதறவிடும் ஒரு புள்ளி நேர்க்கோட்டில் நகர்ந்தால் இழை வடிவம் வருகிறது, அதே புள்ளி ஓரிடத்தில் நின்றால் உருண்டை வருகிறது. ஒரு வித்து முதலில் உருண்டையாகப் பருத்து, பிறகு குழாயாக நீளுவதை இதைவிட எளிமையாக விளக்கிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

இந்த நுண்பைகள் தாமாகவே மிதந்து போய்ச் சேராதா? சேராது. ஒரு கணக்குப் போடுவோம். செல்லுக்குள் ஒரு நுண்பை தற்செயலாக அலைந்து பரவும் கெழுவை நொடிக்கு 0.1 சதுர மைக்ரோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரோமீட்டர் தூரத்தை அது கடக்க ஏறக்குறைய 50,000 நொடி வேண்டும். பதினான்கு மணி நேரம்! 100 மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் நியூரோஸ்போராவின் நுனி பல சென்டிமீட்டர் தாண்டிப் போயிருக்கும், ஏனென்றால் அது மணிக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் போகக்கூடியது. எனவே சுமந்து போக ஆள் வேண்டும், போவதற்குப் பாதையும் வேண்டும்.

இனி உங்கள் ஊர்க் காட்சிக்கு வருகிறேன், இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. விடிவதற்கு முன்பே கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குச்சட்டியோடு ஏறி உட்கார்ந்தால் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக எல்லை தாண்டித் தோட்டங்களுக்கு ஏறிவிடலாம். மலைப்பாதையில் ஓடும் ஜீப் தோட்டத்து வாசல் வரைக்கும்தான். அதற்கு மேல் ஏலச்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை; நடையும் தலைச்சுமையும்தான். சாயங்காலம் அதே ஜீப்பில் கீழே இறங்க வேண்டும். ஒரு நாள் ஜீப் கீழே வராமல் போனால் மறுநாள் காலை ஏறுவதற்கு வண்டி இருக்காது.

பூஞ்சை இழைக்குள்ளும் மலைப்பாதை ஒன்று இருக்கிறது, அதுதான் நுண்குழல். டியூபூலின் என்ற புரதத்தால் ஆனது. இழையின் நீளவாக்கில் ஓடும். அதற்கு ஒரு கூட்டல் முனை, ஒரு கழித்தல் முனை. நுனிப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் கூட்டல் முனை. அந்த முனையை நோக்கி ஏறும் ஜீப் கைனெசின். எதிர்த்திசையில் இறங்கும் ஜீப் டைனீன். கடைசி ஒற்றையடிப் பாதை ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழை. அதில் சுமப்பது மயோசின். மூன்றுமே செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை (ATP) எரித்து ஓடுபவை.

கைனெசின் 1985-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில். வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் பிரித்தெடுத்தார்கள். இரண்டு கால் கொண்ட மூலக்கூறு. ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்துவைத்து நடக்கிறது. ஓர் எட்டு 8 நானோமீட்டர். எட்டுக்கு ஒரு ஏ.டி.பி. செலவு. 1995-இல் ஸ்டைன்பெர்க்கும் ஷ்லிவாவும் நியூரோஸ்போராவிலிருந்து கைனெசினைப் பிரித்துப் பார்த்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. விலங்குகளின் கைனெசினைவிட அது மூன்று, நான்கு மடங்கு வேகம். நொடிக்கு இரண்டரை மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓடியது. அதாவது நொடிக்கு முந்நூறு எட்டுக்கு மேல். பதினான்கு மணி நேரம் ஆகும் என்று மேலே சொன்ன தூரத்தை இது நாற்பது நொடியில் முடித்துவிடும்.

பூஞ்சைக்கு ஏன் இவ்வளவு வேகமான ஜீப்? போக வேண்டிய ஊரே நகர்ந்துகொண்டிருப்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். நுனி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் முன்னால் ஓடுகிறது. விலங்குச் செல்லின் கைனெசின் நொடிக்கு அரை முதல் முக்கால் மைக்ரோமீட்டர் வரைதான் நடக்கும். அதை அப்படியே நியூரோஸ்போராவில் போட்டால் நுனியை எட்டவே முடியாது. இந்த ஒப்பீட்டை முழுக்க நேரடியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அழுத்த வேறுபாட்டால் செல்சாறும் நுனியை நோக்கி நகர்கிறது, பாதையும் அதனோடு கொஞ்சம் போகிறது. இருந்தாலும் விரைவாக ஓடும் நுனியும் விரைவாக ஓடும் கைனெசினும் ஒரே உயிரியில் சேர்ந்திருப்பதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கைனெசினின் மரபணுவை நீக்கிய நியூரோஸ்போரா சாகவில்லை. மெதுவாக வளர்ந்தது, நுனி உடல் சரியாக அமையவில்லை.

அடுத்து ஒற்றையடிப் பாதை. மலைப்பாதை, ஒற்றையடிப் பாதை, இரண்டில் எது முக்கியம் என்று தெரிய ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்திருக்கிறார்கள். நுண்குழல்களைக் கலைத்துவிட்டால் இழை உடனே நிற்பதில்லை. வேகம் குறைகிறது, நேராகப் போகாமல் அங்குமிங்கும் வளைகிறது, ஆனாலும் கொஞ்ச நேரம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக்டினைக் கலைத்தால் நுனி வளர்ச்சி சீக்கிரமே நின்று, நுனி வீங்கி உருண்டுவிடுகிறது. சரக்கைச் சரியான இடத்தில் இறக்குவது ஆக்டினும் மயோசினும், அவ்வளவு சரக்கைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து குவிப்பது நுண்குழலும் கைனெசினும் என்று இதிலிருந்து தெரிகிறது. மெதுவாக வளரும் ஈஸ்டுக்குப் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையே போதும். இழையாக ஓடும் பூஞ்சைக்குப் போதாது.

மயோசின்களில் ஐந்தாம் வகுப்புதான் நுண்பைகளை நுனிவரை சுமப்பது. ஆனால் என் மனத்தைப் பிடித்தது பதினேழாம் வகுப்பு மயோசின். இது முக்கியமாகப் பூஞ்சைகளிடம் காணப்படும் விசித்திரமான புரதம். ஒரு முனையில் மோட்டார், மறு முனையில் கைட்டின் செய்யும் நொதி. வண்டியையும் கொத்தனாரையும் ஒரே உடம்பாக ஒட்டிவிட்டது மாதிரி. 1997-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் ஜப்பானியர்கள் இதன் மரபணுவைக் கண்டபோது, தானே ஓட்டிக்கொண்டு நுனிக்குப் போய்த் தானே சுவர் கட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். மக்காச்சோளத்தில் கரிப்பூட்டை நோய் உண்டாக்கும் உஸ்டிலாகோ மேடிஸில் 2012-இல் சோதித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. நீண்ட தூரத்துக்கு அதைச் சுமப்பவை கைனெசின்-1-உம் (மேலே பார்த்த கைனெசின்தான்) மயோசின்-5-உம் (ஐந்தாம் வகுப்பு மயோசின்). அதனுடைய சொந்த மோட்டார், நுனிக்கு வந்த பிறகு நுண்பையை அங்கேயே பிடித்து நிறுத்தப் பயன்படுகிறது. நுனியில் பிடித்து நிறுத்தவில்லையென்றால் சரக்கு இறங்காமலேயே வந்த வழியில் திரும்பிவிடும். மோட்டார் என்றாலே ஓடுவது என்று நினைத்துவிடுகிறோம். சில மோட்டார்களின் வேலை பிரேக் பிடித்து நிற்பது.

இனி இறங்கும் ஜீப். இதைப் பாடத்தில் அரைவரி கூடச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் குறை.

நியூரோஸ்போராவில் 'ரோப்பி' என்று, மரபணு கெட்டுப்போன ஒரு பிறழ்வுக் கூட்டம் நெடுங்காலமாகவே தெரியும். ரோப் என்றால் கயிறு. ஆய்வகத் தட்டில் நேராகப் பரவ வேண்டிய இழைகள் சுருண்டு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தும்புக்கயிறு போல நிற்கும். 1994-இல் பிளாமான் குழுவினர் அந்த மரபணுக்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உடைந்திருந்தவை டைனீனும் அதன் துணைப் புரதங்களும். ஏறும் வண்டி எல்லாம் சரியாக இருந்தது. இறங்கும் வண்டி மட்டும் இல்லை. அதற்கே இழை தன் வடிவத்தை இழந்துவிட்டது.

காரணம், திரும்பி வர வேண்டியவை ஏராளம். நுனியில் நுண்பைகள் சவ்வோடு கலந்துகொண்டே இருப்பதால் சவ்வு மிஞ்சும். நுனிக்குச் சற்றுப் பின்னால் ஆக்டின் திட்டுகள் வளையமாக நிற்கின்றன. அங்கே ஒன்றாம் வகுப்பு மயோசினின் உதவியோடு சவ்வு உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே வந்த பைகளுக்குத் தொடக்கநிலை எண்டோசோம் என்று பெயர். அவை கைனெசினில் இன்னொரு வகையான கைனெசின்-3 பிடித்து நுனிக்கு ஓடும், டைனீன் பிடித்துப் பின்னால் ஓடும். நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருக்கும். டைனீன் பழுதானால் அவை நுனியில் குவிந்து அடைத்துக்கொள்கின்றன.

சரி, டைனீன் கழித்தல் முனையை நோக்கித்தானே ஓடும். அப்படியானால் அது நுனிக்கு எப்படி வந்து காத்திருக்கிறது? அதைச் சுமந்துகொண்டு போய் நுனியில் வைப்பது கைனெசின்-1. கைனெசின்-1 இல்லாத பூஞ்சையில் டைனீன் கூட்டல் முனையில் சேருவதில்லை. இறங்கும் வண்டியை ஏறும் வண்டி கட்டி இழுத்துப் போய் மேலே விடுகிறது. ஒன்றை முடக்கினால் மற்றதும் முடங்கும். ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது இதை மறக்காதீர்கள். கைனெசினை நீக்கினோம், இன்னது கெட்டது என்று ஒருவர் எழுதியிருந்தால், அது கைனெசினால் நேராகக் கெட்டதா, டைனீன் போய்ச் சேராததால் கெட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த எண்டோசோம்களின் மேல் தொற்றிக்கொண்டு போகிறவையும் உண்டு. ஜீப்பின் பின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிற ஆட்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பெராக்சிசோம் என்ற உறுப்புக்குத் தனியாக மோட்டார் மாட்டுவதில்லை, ஓடுகிற எண்டோசோமில் ஒட்டிக்கொள்கிறது. உஸ்டிலாகோவில் தூது ஆர்.என்.ஏ.யும், புரதம் செய்யும் ரைபோசோமும் கூட இப்படித்தான் பயணம் செய்கின்றன. எண்டோசோமின் ஓட்டம் நின்றால் ரைபோசோம்கள் உட்கருவைச் சுற்றியே தங்கிவிடுகின்றன, நுனிப் பகுதிக்குப் பரவுவதில்லை. நீளமான ஒரு செல்லின் எல்லா மூலையிலும் எல்லாமும் இருப்பதற்கு, ஓயாமல் ஓடும் இந்த வண்டிகள்தான் காரணம்.

டைனீனைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரொனால்ட் மாரிஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் வெப்பநிலை உயர்ந்தால் கோளாறு காட்டும் பிறழ்வுகளைத் தேடினார். சிலவற்றில் உட்கருக்கள் பிரிந்தன, ஆனால் இழை முழுக்கப் பரவவில்லை. வித்துப் பக்கமே கூட்டமாகத் தங்கிவிட்டன. அவற்றுக்கு 'நட்' என்று பெயர் வைத்தார். உட்கருப் பரவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பிறகு அவற்றில் 'நட்-ஏ' என்பது டைனீனின் பெரிய சங்கிலி என்று தெரிந்தது. 'நட்-எஃப்' என்ன என்று 1995-இல் பார்த்தபோது, மனிதர்களின் லிஸ்-1 மரபணுவோடு அது ஒத்திருந்தது. லிஸ்-1 கெட்டால் பிறக்கும் குழந்தையின் மூளை மடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்கும். மூளை உருவாகும்போது நரம்புச் செல்கள் தம் இடத்துக்கு நகர்ந்து போகாததால் வரும் கொடிய குறைபாடு. 1993-இல் அந்த மரபணு கிடைத்தபோது அது என்ன வேலை செய்கிறது என்று தெளிவில்லை. டைனீனோடு அதற்கு உறவு உண்டு என்ற முதல் வலுவான தடயம் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. பூசணத்தைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்று வீட்டில் கேட்டால், தம்பி, இதைச் சொல்லுங்கள்.

திசை பற்றியும் ஒரு சொல். இழை நேராகப் போவதற்கும் மோட்டார் காரணமாகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் கைனெசின்-7 வகையான 'கிப்-ஏ' இல்லாவிட்டால் இழை வளர்கிறது, ஆனால் நேராகப் போகாமல் வளைந்து போகிறது. 'நுனி இங்கே' என்று சவ்வில் குறியிடும் புரதங்கள் நடு நுனியில் சரியாக நிற்பதில்லை, நுனி உடலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கிர்பார்ட் 1957-இல் கண்ணால் பார்த்ததற்கு மூலக்கூறு விளக்கம் இப்படி ஐம்பது வருஷம் கழித்து வந்தது.

இப்போது மருந்துக்கு வருவோம்.

கார்பன்டசிம், பெனோமில் இரண்டும் பென்சிமிடசோல் என்ற ஒரே குடும்பம். அவை போய் ஒட்டுவது பீட்டா டியூபூலினில். மலைப்பாதை போடப் பயன்படும் கல்லிலேயே ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை நீளுவதில்லை. முதல் அடி உட்கருப் பிரிவில் விழுகிறது, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்களும் நுண்குழலால் ஆனவைதானே. அடுத்த அடி சரக்குப் போக்குவரத்தில். இந்த மருந்து பட்ட வித்து பெரும்பாலும் முளைக்கத்தான் செய்யும். முளைத்த குழாய் நீளாமல், கோணலாகி நின்றுவிடும். மேலே நுண்குழலைக் கலைத்த சோதனையில் பார்த்தோமே, அதே படம்தான்.

இந்த மருந்துக்குப் பூஞ்சை பழகிவிடுவதும் இங்கேதான். பீட்டா டியூபூலினில் 198-ஆம் இடத்திலோ 200-ஆம் இடத்திலோ ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து ஒட்டாது. நுண்குழல் வழக்கம்போல வளரும். 1970-களிலேயே உலகின் பல பயிர்களில் இது நடந்துவிட்டது. ஒரே மருந்தை வருஷம் பூராவும் அடித்தால் அந்த ஒரு மாற்றம் கொண்ட பூஞ்சைக்கு நாமே தோட்டத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கிறோம். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பெனோமிலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ் பிறழ்வுகளை வைத்துத்தான் மாரிஸ் குழுவினர் 1978-இல் பீட்டா டியூபூலினின் மரபணு எது என்று காட்டினார்கள். விவசாயிக்குத் தலைவலியாக வந்த ஒன்று ஆய்வகத்தில் திறவுகோலாக இருந்தது.

ஏலத்தில் வேரையும் தட்டையையும் அழுக வைக்கும் ஃபியூசேரியம் உண்மையான பூஞ்சை. அதன் டியூபூலினில் கார்பன்டசிம் ஒட்டும். ஆனி, ஆடியில் சரமும் காயும் நனைந்து அழுகி நாறும் அழுகலுக்குக் காரணம் பைட்டோப்தோரா. நல்லமிளகில் கொடி திடீரென வாடிச் சாகும் துரித வாட்டமும் அதே பேரினத்தின் வேலை. பைட்டோப்தோரா இழை இழையாகத்தான் வளரும், பார்வைக்குப் பூஞ்சையேதான். ஆனால் அது பூஞ்சை இல்லை. பாடப்புத்தகத்தில் ஊமைசீட்ஸ் என்று இருக்கும், நீர்ப்பூசணம் என்றும் சொல்வார்கள். பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் உறவு. சுவர் பெரும்பாலும் குளுக்கனும் செல்லுலோஸும். அதன் நுண்குழலை கார்பன்டசிம் கலைப்பதில்லை. தண்ணீர் தெளித்ததற்குச் சமம். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

அதற்கு மேலும் ஒன்று. பைட்டோப்தோராவின் வித்துப்பை தண்ணீர் பட்டால் நீந்தும் வித்துகளை வெளியே விடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழை. அந்தக் கசையிழையை அடித்து நீந்தவைக்கும் மோட்டார் எது? டைனீன். கிப்பன்ஸ் 1965-இல் டைனீன் என்று பெயர் வைத்ததே, நுண்ணுயிரி ஒன்றின் அடிக்கும் குறுயிழையில் கண்ட புரதத்துக்குத்தான். நாம் இதுவரை பேசிய ஆஸ்பெர்ஜில்லஸ், நியூரோஸ்போரா, ஃபியூசேரியம் ஒன்றுக்கும் கசையிழை கிடையாது. அவற்றின் டைனீன் இழைக்குள்ளேயே சரக்கு இறக்குகிறது. பைட்டோப்தோராவோ அதே குடும்பத்து மோட்டாரை வைத்து மழைத்தண்ணீரில் நீந்தி அடுத்த தூருக்குப் போகிறது. மழைக்காலத்தில் அழுகல் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது, வடிகால் ஏன் மருந்தைவிட முக்கியம், மழைக்கு முன்பே கவாத்து எடுத்து ஏன் காற்றோட்டம் விட வேண்டும் என்பதற்கெல்லாம் இந்த நீச்சல்தான் காரணம். போர்டோ கலவை, அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும், அதற்குக் கேட்கிறது. செம்பு ஒரே ஒரு புரதத்தை நம்பி வேலை செய்வதில்லை, நீந்தி வந்து இலைமேல் முளைக்கும் வித்தைப் பல இடத்தில் தாக்குகிறது. ஆனால் வித்து வருவதற்கு முன்பே அது இலைமேல் இருந்தாக வேண்டும். மைலாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். எந்த அழுகலுக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை அங்கே கேட்டுச் செய்யுங்கள். நான் சொல்வது மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதை மட்டும்.

மோட்டாரையே நேராகப் பிடிக்கும் மருந்தும் வந்திருக்கிறது. சீனாவில் கோதுமைக் கதிரில் வரும் ஃபியூசேரியத்துக்கு ஃபெனாமாக்ரில் என்று ஒன்று பயன்படுத்துகிறார்கள். அது பிடிப்பது ஒன்றாம் வகுப்பு மயோசினை. நுனிக்குப் பின்னால் சவ்வை உள்ளே இழுக்க உதவுகிறதே, அதே மயோசின். அது ஏ.டி.பி.யை எரிக்கவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. ஃபியூசேரியத்தைத் தாண்டி மற்ற பூஞ்சைகளில் பெரும்பாலும் இது வேலை செய்வதில்லை. ஒரே மயோசின் உயிரிக்கு உயிரி அவ்வளவு நுணுக்கமாக வேறுபடுகிறது. நல்ல பூஞ்சைகளை விட்டுவிட்டு நோய்ப்பூஞ்சையை மட்டும் பிடிக்க இது ஒரு வழி என்று எனக்கு நம்பிக்கை உண்டு. நம் தோட்டத்தில் சாணத்தோடு கலந்து போடும் டிரைக்கோடெர்மாவும் ஓர் இழைப்பூஞ்சைதானே. கார்பன்டசிம் அடித்தால் அதன் மலைப்பாதையும் சேர்ந்துதான் அழியும். ஒரே வாரத்தில் இரண்டையும் போடுகிற தோட்டங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஆனால் இந்தப் புது மருந்திலும், மயோசினில் ஓர் அமினோ அமிலம் மாறினால் எதிர்ப்பு வந்துவிடும் என்று ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமா? மோட்டார் புரதம் கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. அதன் வேலை தெரியும். காட்டன் புளூ சாயம் போடாதீர்கள், அது இழையைக் கொன்றுவிடும். பழைய ரொட்டியில் வந்த வெள்ளைப் பூசணத்தின் இளம் ஓரத்தை ஊசியால் மெதுவாக எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கண்ணாடித் தகட்டில் வைத்து, நாற்பது மடங்கு லென்ஸில் ஓர் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். உள்ளே மணி மணியாகத் துகள்கள் நகரும். மொத்தமாக ஒரே பக்கம் போவது சாற்றின் ஓட்டம். அதற்கு நடுவே ஒரு துகள் மட்டும் எதிர்த்திசையில் போனால், அல்லது நின்று, திரும்பி, மறுபடி ஓடினால், அதை ஏதோ ஒன்று சுமக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ஆடி மழையில் அழுகிய ஏலக்காய் ஒன்றின் ஓரத்தை வெட்டிச் சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். இரண்டு, மூன்று நாளில் எலுமிச்சை வடிவில் வித்துப்பைகள் வந்திருக்கும். பிறகு அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, மறுபடி அறையில் வைத்துப் பாருங்கள். பைகளின் வாய் திறந்து வித்துகள் வெளியே வந்து நீந்தும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எத்தனை நிமிடம் நீந்தின என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.